கறுப்புத் துரு

"மாமா, வீட்டுத் துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கணும். நீங்கதான் சொல்லித் தரணும்" என்றான் தங்கை மகன்.

தேரடிப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மூக்குக்குக் கீழே இறக்கிப் பார்த்தார். "லைசென்ஸ் துப்பாக்கிதான் அண்ணாச்சி" என்றேன். பேப்பர் மறுபடி ஏறியது.

அது அவன் தாத்தா காலத்து ஒற்றைக் குழல், 12 போர். மேற்கே மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு, பன்றித் தொல்லை, அதற்காக வாங்கியது. தாத்தாவுக்குப் பிறகு அவன் அப்பா பேருக்கு லைசென்ஸ் மாறியது. பன்றியைச் சுட்டு யாரும் பார்த்ததில்லை. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு துப்பாக்கி கையில் இருக்கிறது என்பதற்காகக் காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் காடு 1988இல் சாம்பல் அணில் சரணாலயமாகி, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. ஆகவே துப்பாக்கி பெரும்பாலும் பீரோவுக்குப் பின்னால் துணி உறைக்குள் நிற்கும். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஒப்படைக்கப் போகும், முடிந்ததும் திரும்பி வரும். இந்தத் தடவை உறையை உருவிப் பார்த்தபோது குழல் நெடுக மிளகாய்ப்பொடி தூவினாற்போலத் துரு.

பையன் போனைக் காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் வீட்டு ஷெட்டில் துப்பாக்கியைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு, ஸ்ப்ரே கன்னால் மணல் நிறம் அடித்து, அடுப்பில் வைத்துச் சுட்டு எடுக்கிறார். சாவியால் கீறிக் காட்டுகிறார், கோடு விழவில்லை. "இதே மாதிரி பச்சைல பண்ணலாம் மாமா. செராகோட்னு பேரு."

ராஜபாளையத்து மில்லில் முப்பது வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். துரு என்றால் எனக்குப் பங்காளி மாதிரி. விரட்டவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. இன்னொரு டீ சொன்னேன்.

முதலில் அவனுக்குப் பிரித்துச் சொன்னது இதைத்தான். இரும்பின் தோலைக் கறுக்க வைப்பது ஒரு வேலை, இரும்புக்குச் சட்டை போடுவது வேறு வேலை. போனில் அவன் பார்த்தது சட்டை. துப்பாக்கிக் குழலில் பழைய காலத்தில் இருந்த நீலம் கலந்த கறுப்பு, தோல். அது பெயின்டே இல்லை, இரும்பு தானே மாறியது. சொன்னால் நம்பமாட்டான் என்று தெரியும், ஆனாலும் சொன்னேன்: "அதுவும் துருதான்டா."

"துருவை விரட்டத் துருவா?"

அதேதான். நாம் பார்க்கிற சிவப்புத் துரு பஞ்சு மாதிரி. ஈரத்தைக் குடிக்கும், பொருக்குப் பொருக்காக உரியும், உரிந்த இடத்தில் புது இரும்பு வெளியே வரும், அதுவும் துருப்பிடிக்கும். கடைசியில் தகடு ஓட்டையாகிற வரைக்கும் ஓயாது. கறுப்புத் துரு அப்படியில்லை. அதுவும் இரும்பும் ஆக்சிஜனும்தான், சேர்ந்திருக்கிற கணக்கு மட்டும் வேறு. காந்தக்கல் என்கிறோமே, அது இதேதான். அடர்த்தியாக இரும்போடு ஒட்டி உட்கார்ந்துகொள்ளும், உரியாது. சிவப்புத் துரு ஏறிய இரும்பைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் அந்தத் துரு கறுப்பாக மாறிவிடும். மந்திரமில்லை, அடுப்பும் பானையும் போதும். பழைய துப்பாக்கிக் கொல்லர்கள் செய்ததும் இதைத்தான். குழலை வேண்டுமென்றே மெல்லிசாகத் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் முக்கி, மேலே நிற்கிற தூளைத் தேய்த்தெடுத்து, மறுபடியும் துரு, மறுபடியும் கொதி என்று ஆறேழு தடவை. ஒவ்வொரு சுற்றிலும் கறுப்பு ஒரு படி ஆழமாகும்.

ஆனால் கறுப்புத் துரு மட்டும் தனியாக நின்று எதையும் காப்பாற்றாது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் எண்ணெய் தங்குவதுதான் உண்மையான காவல். எண்ணெய் வற்றிவிட்டால் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது. உங்கள் வீட்டுத் துப்பாக்கி போனது அப்படித்தான் என்றேன். துணி உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது, எண்ணெய்த் துணியால் துடைக்க ஆள் இல்லை.

தொழிற்சாலைக்காரர்களுக்கு ஆறேழு சுற்றுக்கு ஏது நேரம்? காஸ்டிக் சோடாவையும் நைட்ரேட் உப்பையும் கலந்து 140 டிகிரி வரை காய்ச்சி, அதில் இரும்பை முக்கினால் அரை மணியில் கறுப்பு வந்துவிடும். அந்தப் பக்கம் மட்டும் போகவே போகாதே என்று அவனிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். அந்தக் கொதிக்கிற கரைசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், காய்ந்த எண்ணெயில் ஈரக் கடுகு விழுந்த மாதிரி தெறிக்கும். தெறிப்பது எண்ணெய் இல்லை, தோலைக் கரைக்கிற காரம். இன்னொன்றும் உண்டு: இரட்டைக் குழல் துப்பாக்கியில் இரண்டு குழலையும் ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தக் காரக் கரைசல் பற்றைத் தின்றுவிடும். அதனால்தான் இரட்டைக் குழலுக்கு இன்றைக்கும் பழைய துருக் கறுப்பே கதி.

தோலுக்கும் சட்டைக்கும் நடுவே பாஸ்பேட் பூச்சு ஒன்று இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலத்தோடு துத்தநாகமோ மாங்கனீசோ சேர்த்த வெந்நீரில் இரும்பை ஊறவிட்டால், சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக ஒரு படிவம் முளைக்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1915இல் தொடங்கிய பார்க்கர் கம்பெனியின் பேரால் அதைப் பார்க்கரைசிங் என்பார்கள். பட்டாளத்துத் துப்பாக்கிகள் பளபளக்காமல் மங்கலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அந்தச் சொரசொரப்பு எண்ணெயை நன்றாகப் பிடிக்கும், பெயின்ட்டை அதைவிட நன்றாகப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் பாஸ்பேட்டின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்துச் சூட்டில் காயவைத்தார்கள். சட்டை போடுவதற்கு முன்னால் ஒரு பனியன் போட்டது போல.

இவன் கேட்ட சட்டைக்கு வருகிறேன். செராகோட் என்பது பீங்கான் துகள் கலந்த பாலிமர் பூச்சு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கம்பெனி ஒன்றின் சரக்கு. அதில் அடுப்பில் வைக்கிற வகையை ஏறக்குறைய 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும். இட்லி வேகிற சூட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். படிகிற கனம் 25 மைக்ரான் அளவு, தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. அந்த மெல்லிசில்தான் அதன் பெருமை. நம் ஊர்களில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற பவுடர் கோட்டிங் 60, 80 மைக்ரான் ஏறும். கேட்டுக்கு அது நல்லது. உள்ளே நுழைந்து வெளியே வருகிற பாகங்கள் உள்ள பொருளில் அத்தனை கனம் ஏறினால், கல்யாண மோதிரம் இருபது வருஷம் கழித்து விரலில் மாட்டிக்கொண்ட கதைதான். தவிர, பவுடர் உருகிப் படிய 180 முதல் 200 டிகிரி வேண்டும். ஈயப்பற்று இளகுகிற சூடும் ஏறக்குறைய அதுதான்.

இந்த இடத்தில் பையன் உற்சாகமாகிவிட்டான். "அப்ப செராகோட்தான் சரி. வாங்கி அடிச்சுருவோம்."

"அடிக்கிறது கடைசி பத்து நிமிஷம்டா. அதுக்கு முன்னால ரெண்டு நாள் வேலை இருக்கு."

பெயின்ட் வேலை தெரிந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், பூச்சு உரிந்தால் டப்பாவைத் திட்டமாட்டார்கள், அடித்தவன் கையைத் திட்டுவார்கள். அவன் போனில் பார்த்த ஆள் அடிப்பதற்கு முன்னால் செய்ததையெல்லாம் வீடியோவில் வேகமாக ஓட்டிவிட்டார்கள். உண்மையில் வேலையே அங்கேதான். அசிட்டோனில் முக்கி எண்ணெய் எடுத்தார். அலுமினியம் ஆக்சைடு மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி மேல்தோலை ஒரே சீராகச் சொரசொரப்பாக்கினார். பிறகு வெறுமனே அடுப்பில் வைத்துச் சூடேற்றினார். எதற்கு? திருகு மரையிலும் இடுக்கிலும் ஒளிந்திருக்கிற பழைய எண்ணெய் சூட்டில் இளகி வெளியே கசியட்டும் என்றுதான். கசிந்தால் மறுபடி அசிட்டோன், மறுபடி சூடு. அதற்குப் பிறகு அந்த இரும்பை வெறும் கையால் தொடுவதில்லை, உறை போட்ட கைதான். மில்லில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, துடைத்து வைத்த ஷாப்டை யாராவது தொட்டால் மணிக்கட்டிலேயே ஒன்று வைப்பார். விரல் நுனியில் உப்பும் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. உப்பு இருந்தால் துரு வரும், எண்ணெய் இருந்தால் பூச்சு ஒட்டாது. ஒரே விரலில் இரண்டு சனியன்.

அடுப்பைப் பற்றியும் சொல்லிவைத்தேன், தங்கையின் கேக் அடுப்பு அவன் மனதில் ஓடுவது முகத்திலேயே தெரிந்தது. பூச்சு சுட்ட அடுப்பில் அப்புறம் சாப்பாடு செய்யக்கூடாது. ஸ்ப்ரே அடிக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. தூசிக்கு வேண்டுமானால் துண்டு. தின்னர் ஆவிக்கும், இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பெயின்டில் வருகிற ஐசோசயனேட்டுக்கும் துண்டு ஒரு தடையே இல்லை. தின்னருக்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், ஐசோசயனேட்டுக்கு வெளிக்காற்று ஊட்டுகிற முகமூடியே வேண்டும். துப்பாக்கியின் மரக்கட்டைக்கு லின்சீட் ஆயில் தேய்த்தால், தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, அது தானாகச் சூடாகித் தீப்பற்றும். விரித்துக் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வை.

இத்தனையும் தெரிந்துகொண்டு, "சரி மாமா, எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றான்.

"உங்க வீட்டுத் துப்பாக்கியில ஆரம்பிக்கவே கூடாது" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

இந்தப் பக்கத்து மண்ணில் ஆயுதத்துக்கும் சர்க்காருக்கும் உள்ள கணக்கு ரொம்பப் பழையது. பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் விட்ட அறிக்கை தெற்கத்திப் பாளையங்களில் ஆயுதமே கூடாது என்றது. 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். அதை ஒருமுறை உட்கார்ந்து படித்திருக்கிறேன், மில் பாதுகாப்புக்கு இருந்த துப்பாக்கிக்காக. சட்டப் புத்தகம் என்றால் எனக்கும் தூக்கம் வரும், ஆனால் இதில் சில வரிகள் ஆளை நிமிர்த்தி உட்கார வைக்கும்.

ஐந்தாம் பிரிவு சொல்கிறது: லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது, விற்பது மட்டுமல்ல, மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும் கூடாது. அந்த லைசென்ஸ் வேறு, வீட்டில் வைத்துக்கொள்ள உன் அப்பாவிடம் இருக்கிற லைசென்ஸ் வேறு. பெயின்ட் அடிப்பது பழுதுபார்ப்பில் சேருமா என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை நடத்துகிற இடம் டீக்கடை இல்லை, கோர்ட்.

எட்டாம் பிரிவு இன்னும் கிட்டே வருகிறது. துப்பாக்கியில் பொறித்திருக்கிற பேர், நம்பர், அடையாளம் எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. அப்படி அழிந்துபோன துப்பாக்கி ஒருவன் கையில் இருந்தால், அவன்தான் அழித்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவன் பாடு. யோசித்துப் பார். துருவைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாய். நம்பர் பொறித்த பள்ளம் எவ்வளவு ஆழம்? கீறல்தானே. எண்பது வருஷத்துத் துரு அதில் பாதியை ஏற்கெனவே தின்றிருக்கும். மீதியை நீ தேய்ப்பாய். அதற்கு மேல் பச்சைப் பெயின்ட். லைசென்ஸைப் புதுப்பிக்க உன் அப்பா துப்பாக்கியைக் கொண்டுபோய் மேஜையில் வைக்கிறபோது, புத்தகத்தில் ஒரு நம்பர் இருக்கும், குழலில் பச்சை இருக்கும்.

பையன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு. அந்தத் துப்பாக்கி உன் அப்பா பேர்ல இருக்கு. நீ தனியா எடுத்து ஷெட்டுல வச்சுக் கழட்டினா, அந்த நேரத்துக்கு அது யார் கையில இருக்கு?"

ஆனால் சட்டம் அத்தனை கல்நெஞ்சும் இல்லை. மூன்றாம் பிரிவிலேயே ஒரு சலுகை இருக்கிறது. லைசென்ஸ்காரர் கூட இருந்தாலோ, எழுத்தில் அனுமதி கொடுத்தாலோ, பழுதுபார்க்கவோ லைசென்ஸைப் புதுப்பிக்கவோ இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துப் போகலாம். வயசான அப்பா பஸ் ஏறி அலைய வேண்டாம், மகன் போகலாம் என்று 1959இலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். அதே சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவில் பயிர்க் காவலுக்கான, குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்குத் தோட்டமும் பன்றியும் தெரிந்திருந்தது.

ஆகவே வழி இதுதான் என்றேன். அப்பாவிடம் ஒரு கடிதம் வாங்கு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போ, பழைய துருக் கறுப்பையே போட்டுத் தரச் சொல், நம்பர் தெளிவாகத் தெரியும்படி செய்யச் சொல், ரசீது வாங்கு. பச்சை வேண்டாம். பச்சைத் துப்பாக்கியைத் தென்னந்தோப்பில் கீழே வைத்தால் உன்னாலேயே கண்டுபிடிக்க முடியாது.

அதற்கு மட்டும் சிரித்தான். பிறகு, "ஏர் கன்?" என்றான். விடமாட்டான். 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் இருந்தால் 2016 விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம், அதில் உன் கைவரிசையைக் காட்டிக்கொள் என்றேன். ஆனால் அவர்கள் வீட்டில் ஏர் கன் கிடையாது.

"அருவா இருக்குல்ல?"

இருந்தது. தோப்பில் மட்டை வெட்டுகிற அருவாள், பிடி வரைக்கும் துரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

பழைய துருவை உப்புத்தாளால் எடுத்து, நயம் தாளால் மறுபடி தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவினோம். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தோம், துணியில் அழுக்கு ஏறாமல் போகிற வரை. பிறகு வினிகரில் கொஞ்சம் உப்புக் கரைத்து மெல்லிசாகத் தடவி, ஈரத் துணி விரித்த பிளாஸ்டிக் டிரம்முக்குள் கம்பியில் தொங்கவிட்டு மூடினோம். மறுநாள் காலையில் திறந்தால் அலகு முழுக்க ஒரே சீராக ஆரஞ்சு நிறப் பூஞ்சைபோல் துரு. பையன் பயந்துவிட்டான். "முன்னைவிட மோசமா ஆயிருச்சே மாமா." பொறு என்றேன்.

அடுத்தது கொதிக்க வைப்பது. போர் தண்ணீரில் வைத்தால் வெள்ளைப் பொருக்கு படிந்து எல்லாம் கெடும், அதனால் கேன் தண்ணீர் ஊற்றினேன். அருவாள் முழுசாக முங்குகிற பாத்திரம் வீட்டில் ஒன்றுதான், பொங்கல் வைக்கிற பெரிய எவர்சில்வர் பானை. என் மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம். கொதி வந்து கால் மணியில் ஆரஞ்சு மங்கியது, அரை மணியில் அலகு முழுக்கக் கறுப்பு, வெல்வெட்டுத் துணி மாதிரி. கண்ணுக்கு முன்னால் மாறுவதைப் பார்க்க எனக்கே அலுக்கவில்லை, எத்தனையோ தடவை பார்த்திருந்தும். எடுத்து ஆறவிட்டு, நயமான ஸ்டீல் நாரால் மேல்தூளைத் தேய்த்ததும் அடியில் சாம்பல் கலந்த கறுப்பு ஒட்டிக்கொண்டு நின்றது. ஐந்து நாள், ஐந்து சுற்று. ஐந்தாவதில் அது தோசைக்கல்லின் கறுப்புக்கு வந்துவிட்டது. தோசைக்கல் கறுப்பு வேறு ஜாதி, அது எண்ணெய் சூட்டில் இறுகிப் படிந்த படலம். ஆனால் பழக்கிய கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் வீட்டில் என்ன நடக்குமோ, அதே மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிவைத்தேன்.

கடைசியாகச் சோடாக்காரம் கலந்த தண்ணீரில் அலசி, மிச்ச உப்பைப் போக்கி, சூடாக இருக்கும்போதே மெஷின் ஆயில் தடவினோம். எண்ணெய் பட்டதும் சாம்பல் மறைந்து ஆழக் கறுப்பு எழுந்தது.

வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பிடியை ஒட்டி, அலகின் இடது பக்கம், எலுமிச்சை விதை அளவுக்கு ஒரு வெளிறிய இடம். கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். சுழிகூடத் தெரிந்தது. முதல் நாள் அசிட்டோனால் துடைத்த பிறகு டிரம்முக்குள் தொங்கவிட எடுத்தவன், உறையைக் கழற்றிய கையால் பிடித்திருக்கிறான். எண்ணெய் இருந்த இடத்தில் துரு ஏறவில்லை. துரு ஏறாததால் கறுப்பும் ஏறவில்லை.

"மறுபடி தேய்ச்சு முதல்லேருந்து பண்ணுவோமா மாமா?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். உள்ளே என் மனைவி பொங்கல் பானையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.